பூதம் இருக்கிறதா என்று பார்க்கக் கிணறு வெட்டியவர்கள்

கிணறு வெட்டப் போனால் பூதம் புறப்படும் என்பது நம் ஊர்க் கணக்கு. ஐரோப்பாவின் நடுவில், செக் குடியரசும் ஜெர்மனியும் தோளோடு தோள் உரசும் ஒரு மூலையில் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே பூதம் முதலிலேயே வந்துவிட்டது. தரையைத் தட்டியது, சேற்றில் குமிழி விட்டது, பீங்கான் கோப்பைகளை ஆட்டிப் பார்த்தது. கிணறு வெட்டிப் பார்க்கலாமே என்று மனிதனுக்குத் தோன்றத்தான் தாமதமானது. அதுவரை சும்மா இருந்தானா என்றால் இல்லை, வாய் ஓயாமல் விவாதித்துக்கொண்டிருந்தான்.

ஊரின் இன்றைய பெயர் செப். அன்றைய ஜெர்மன் பெயர் ஏகர். சுற்றிலும் கார்ல்ஸ்பாட், மரியன்பாட், ஃபிரான்சன்ஸ்பாட் என்று பணக்காரர்கள் வயிற்றைக் காரணம் காட்டி வந்து இறங்கும் நீரூற்று ஊர்கள். தண்ணீர் தானாகவே நுரைத்துக்கொண்டு வரும். 1793-ல் பேரரசர் பெயரைச் சூட்டித் தொடங்கிய ஃபிரான்சன்ஸ்பாட்டில் 'வாயுக் குளியல்' என்றே ஒரு வைத்தியம் உண்டு. தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது. இடுப்புவரை ஒரு பைக்குள் இறக்கி, பூமிக்கடியிலிருந்து வரும் கரியமில வாயுவை அதில் நிரப்புவார்கள். ரத்தக் குழாய் விரியுமாம். அங்கிருந்து சில கிலோமீட்டரில் ஹார்டவுஷோவ் என்ற கிராமத்து வயல்வெளி. அதே வாயு அங்கேயும் தரையைப் பிய்த்துக்கொண்டு கிளம்பும். காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளத்தில் தேங்கி நிற்கும். மோப்பம் பிடிக்க வந்த எலியும் பூச்சி கொத்த வந்த குருவியும் அங்கேயே சமாதி. எலிக்கு இலவசம், சீமாட்டிக்குக் கட்டணம், வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த வட்டாரத்துக்குத்தான் ஜெர்மன் இலக்கியத்தின் பெரியவர் கதே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தார். கவிஞர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் தன்னை அப்படி மட்டும் நினைக்கவில்லை. சுமார் பதினெட்டாயிரம் கற்களைச் சேர்த்து வைத்திருந்த மனிதர் அவர். 1806-லேயே ஒரு இரும்புக் கனிமத்துக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். வைமார் சமஸ்தானத்து அமைச்சராக இருந்தபோது, மூடிக் கிடந்த இல்மெனாவ் சுரங்கத்தைத் திறந்தே தீருவேன் என்று நின்றார். 1784-ல் சொற்பொழிவோடு திறப்பு விழா. 1796-ல் சுரங்கப் பாதை ஒன்று இடிந்து தண்ணீர் புகுந்தது. சொற்பொழிவுதான் மிச்சம்.

இதில் வேடிக்கை, தண்ணீரால் கெட்ட அந்த மனிதர் கட்சி சேர்ந்தது தண்ணீர்க் கட்சியில். அந்தக் காலத்து நிலவியலில் இரண்டே கட்சிகள். ஃப்ரைபர்க் சுரங்கக் கல்லூரியில் பாடம் நடத்திய வெர்னர் தண்ணீர்க் கட்சித் தலைவர். கருங்கல், எரிமலைப்பாறை என்று எதைக் காட்டினாலும் ஆதிக் கடலில் படிந்த வண்டல் என்பார். எரிமலை? அடியில் நிலக்கரி பற்றிக்கொண்டு எரிகிறது, ஆளைவிடு. எதிரே ஸ்காட்லாந்துக்காரர் ஹட்டன் வழி வந்த நெருப்புக் கட்சி. பூமிக்குள் உலை கொதிக்கிறது, பாறை அங்கே உருகித்தான் வருகிறது என்பது அவர்கள் கொள்கை. வெர்னர் சாக்சனியை விட்டு அதிகம் நகராதவர். அவருடைய மாணவர்கள் நகர்ந்தார்கள். ஹம்போல்ட்டும் புஃக்கும் நிஜ எரிமலைகளை நேரில் பார்த்ததும் சத்தமில்லாமல் கட்சி மாறினார்கள். கதேக்கு நெருப்புக் கட்சியின் அடிதடி வேகமே பிடிக்கவில்லை. பூமி நிதானமாக, கௌரவமாக உருவாகியிருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பிறகு 'ஃபௌஸ்ட்' நாடகத்தின் இரண்டாம் பாகத்தில் நெருப்புக் கட்சியின் வாதத்தைச் சாத்தானின் வாயில் வைத்துப் பழி தீர்த்துக்கொண்டார். அதே பாகத்தில் நிலநடுக்கமே ஒரு பாத்திரமாக மேடையேறி, முதுகைக் கொடுத்து ஒரு மலையை நெம்பித் தூக்குகிறது.

சோதனையாக, ஏகருக்கும் ஃபிரான்சன்ஸ்பாட்டுக்கும் நடுவில் ஒரு குட்டி மலை நின்றுகொண்டிருந்தது. ஜெர்மனில் காமர்பியூல். மலை என்று சொன்னால் மலைகள் கோபித்துக்கொள்ளும், மேடு. அதன் வயிற்றில் கருகிய கசடும் துளை விழுந்த கற்களும் கிடக்கின்றன. எரிமலையா, எரிந்த நிலக்கரிக் குவியலா? 1808-ல் பார்த்த கதே, தன் கட்சிக்குத் துரோகமாக, எரிமலைதான் என்று எழுதினார். 1820-ல் மறுபடி வந்து, நிலக்கரியாகவும் இருக்கலாம் என்று பின்வாங்கினார். 1822-ல் ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸையும் போஹீமியப் பிரபு காஸ்பர் ஸ்டெர்ன்பர்க்கையும் கூட்டிக்கொண்டு அதே மேட்டில் ஏறினார். பெர்சீலியஸ் எரிமலைப் பக்கம். ஊதுகுழலால் சுடரை ஊதிக் கனிமங்களை உருக்கி, நிறம் பார்த்துப் பெயர் சொல்லும் வித்தையை அவர் ஏகரில் செய்து காட்டினார். எழுபதைத் தாண்டிய கவிஞர் குழந்தையாகிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் மேட்டு விஷயத்தில் மசியவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரைப் பாராட்டியாக வேண்டும். வாதம் முடியாது என்று தெரிந்ததும், மேட்டைப் பக்கவாட்டில் குடைந்து பார்த்துவிடலாமே என்ற யோசனையையும் அவரே சொன்னார். குடைவது யார்? கவிஞருக்கு வேறு வேலை இருந்தது. 1823-ல் மரியன்பாட்டில், தன் எழுபத்து நாலாவது பிறந்தநாளை ஒட்டி, பத்தொன்பது வயது உல்ரிக்கேயைப் பெண் கேட்டார். தூது போனவர் சாதாரண ஆள் இல்லை, வைமார் சமஸ்தானத்துப் பெருங்கோமகனே போனார். பெண் வீட்டார் மரியாதையாகத் தட்டிக் கழித்தார்கள். மறு ஆண்டு, 1824-ல், அந்த வட்டாரமே வரிசையாகக் குலுங்கியது. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக எந்த நிலவியலாளரும் சொல்லவில்லை.

ஸ்டெர்ன்பர்க் வாயைவிடக் கடப்பாரையை நம்பியவர். பிராக் தேசிய அருங்காட்சியகத்துக்கு அடித்தளம் போட்டவர், பாறையில் பதிந்த செடிகொடிகளைப் படித்தவர், சொந்தமாக நிலக்கரிச் சுரங்கம் வைத்திருந்தவர். நிலக்கரி எரிந்தால் எப்படி இருக்கும் என்று அவரிடமே கதை விட முடியாது. கதே 1832-ல் காலமானார். ஸ்டெர்ன்பர்க் 1834-ல் தோண்டத் தொடங்கி, 1837-ல் மேட்டின் நடுவே பாறைக்குழம்பு ஏறி வந்த குழாயையே கண்டுபிடித்தார். எரிமலைதான், சந்தேகமே இல்லை. அடுத்த ஆண்டு அவரும் போய்ச் சேர்ந்தார். முப்பது ஆண்டுப் பேச்சு முடிக்காததை மூன்று ஆண்டுத் தோண்டல் முடித்தது. இதை எல்லாரும் பாடமாக எடுத்துக்கொண்டிருக்கலாம். எடுத்துக்கொள்ளவில்லை.

பூமியும் பொறுமையாகத் தட்டிக்கொண்டே இருந்தது. இந்த வட்டாரத்து நடுக்கத்துக்கு ஒரு தனிக் குணம். மற்ற இடங்களில் பெரிய நடுக்கம் ஒன்று வரும், பின்னால் சின்னச் சின்ன அதிர்வுகள் தேய்ந்துகொண்டே போகும். இங்கே தலைவரே கிடையாது. சின்னதும் நடுத்தரமுமாக, நாள்கணக்கில், வாரக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வரும். வந்த சுவடு தெரியாமல் நின்றுபோகும். கார்ல்ஸ்பாட் நகரத்தின் நிலவியலாளர் யோசஃப் க்னெட் இதைக் கவனித்து, 1899-ல் 'திரள் நடுக்கம்' என்று பெயர் வைத்தார். உலகம் முழுக்க இன்று புழங்கும் பெயர் அது. வெந்நீர் ஊற்றுகளைக் காவல் காப்பதுதான் அவருடைய சம்பள வேலை. நடுக்கம் வந்தால் ஊற்று நின்றுவிடுமோ என்ற கவலை அந்தப் பக்கத்தில் நியாயமானது. 1755-ல் லிஸ்பன் குலுங்கிய அன்று, அத்தனை தொலைவிலிருந்த போஹீமியாவின் தெப்லிட்ஸ் ஊற்று கலங்கி, சற்று நின்று, பிறகு சேறும் சிவப்புமாகப் பீறிட்டது. தண்ணீரும் நடுக்கமும் ஏதோ கள்ள உறவு வைத்திருக்கின்றன என்பது வைத்தியசாலைக்காரர்களுக்கு அப்போதே தெரியும். உல்ரிக்கேயும் அதே 1899-ல்தான், கடைசிவரை மணமாகாமல், 95 வயதில் இறந்தார். அந்த வட்டாரத்தில் எதுவும் அவசரமாக முடிவதில்லை.

கள்ள உறவைக் கையும் களவுமாகப் பிடித்தது விஞ்ஞானிகள் இல்லை, அமெரிக்க ராணுவம். அதுவும் தெரியாமல். டென்வர் நகரத்தை ஒட்டிய ராக்கி மவுண்டன் ஆயுதச் சாலையில் நரம்பு விஷவாயு தயாரித்தார்கள். கழிவை என்ன செய்வது? கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு அனுப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பது உலகத்து அலுவலகங்கள் அனைத்துக்கும் பொதுவான தத்துவம். 3,671 மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, 1962 மார்ச்சில் கழிவுநீரை உள்ளே தள்ள ஆரம்பித்தார்கள். ஏப்ரலில் டென்வர் குலுங்கத் தொடங்கியது. சாதுவாக இருந்த நகரம், மக்கள் குழம்பினார்கள். 1965-ல் டேவிட் எவன்ஸ் என்ற நிலவியலாளர் இரண்டு படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தார். ஒன்று மாதந்தோறும் தள்ளிய கழிவின் அளவு, மற்றது மாதந்தோறும் வந்த நடுக்கங்கள். தள்ளினால் குலுங்குகிறது, நிறுத்தினால் அடங்குகிறது. ராணுவம் 1966 பிப்ரவரியில் குழாயை மூடியது. உள்ளே போன தண்ணீரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அது பாறை இடுக்குகளில் மெல்ல ஊர்ந்துகொண்டே போய், இருப்பதிலேயே பெரிய குலுக்கலை 1967 ஆகஸ்டில் கொடுத்தது.

காரணம் புரிந்துகொள்ளக் கோலி சோடா போதும். பூமிக்குள் பழைய வெடிப்புகளின் இரு பக்கமும் மேலிருக்கும் பாறையின் எடையால் இறுகிக் கிடக்கின்றன. கோலியை வாயு இறுக்கிப் பிடிப்பது மாதிரி, உராய்வுதான் பூட்டு. இடுக்கில் திரவமோ வாயுவோ அழுத்தத்தோடு புகுந்தால் இறுக்கம் தளரும். ஏற்கெனவே விசையில் நின்ற பாறை வழுக்கும். அது அடுத்த இடுக்குக்கு வழி திறக்கும். அழுத்தம் வழிந்து பரவப் பரவ நடுக்கங்களும் பின்னாலேயே இடம் மாறும். ஒரே அடியாக வெடிக்காமல் ஆயிரம் சின்ன 'புஸ்'களாக வருவதன் சூட்சுமம் இதுதான். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் இதைக் கேள்விப்பட்டுச் சும்மா இருக்குமா? 1969 முதல் கொலராடோவின் ரேஞ்ச்லி எண்ணெய் வயலில், தண்ணீரை ஏற்றி நடுக்கத்தை வரவழைத்து, இறக்கி நிறுத்திக் காட்டினார்கள்.

ஜப்பானில் இயற்கையே இந்த வேலையைச் செய்தது, இடத்தைத் தேர்ந்தெடுத்த விதம்தான் குறும்பு. இரண்டாம் உலகப் போரின் கடைசியில் பேரரசரை ஒளித்து வைக்க மட்சுஷிரோ மலையில் சுரங்கம் குடைந்தார்கள். பேரரசர் வரவில்லை. 1947-ல் அந்தச் சுரங்கத்திலேயே நிலநடுக்க ஆய்வகம் வைத்தார்கள். 1965 ஆகஸ்டில் திரள் நடுக்கம் சரியாக அந்த வட்டாரத்தையே தேடி வந்தது. ஆண்டுக்கணக்கில் ஏழு லட்சம் நடுக்கங்களுக்கு மேல். தரையிலிருந்து கரிப்பு நீர் கொட்டியது. பிறகு அங்கேயும் ஆழத்துளை போட்டு, 1970-ல் தண்ணீர் ஏற்றிப் பார்த்தார்கள். ஏற்கெனவே நொந்துபோயிருந்த பூமி, கேட்டதற்கு மரியாதையாக இன்னும் கொஞ்சம் நடுங்கிக் காட்டியது.

இவ்வளவும் நடந்தபிறகு 1985 டிசம்பரில் நம் ஏகர் வட்டாரம் விழித்துக்கொண்டது. கிராமத்தின் பெயர் நோவி கோஸ்தெல். ஆயிரக்கணக்கில் நடுக்கங்கள், கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால் 4.6 அளவுக்கு ஒன்று. அப்போது அந்த எல்லையில் முள்வேலியும் காவல் கோபுரமும் இருந்தன. வேலிக்கு இந்தப் பக்கம் மேற்கு ஜெர்மனி, அந்தப் பக்கம் செக்கோஸ்லோவாக்கியா, மூலையில் கிழக்கு ஜெர்மனி. மனிதன் தாண்டினால் சுடுவார்கள். நடுக்கம் மூன்று நாட்டுக்கும் அனுமதிச்சீட்டு இல்லாமல் போய்வந்தது.

அந்த முள்வேலியிலிருந்து அதிக தூரமில்லாத விண்டிஷெஷன்பாக்கில் மேற்கு ஜெர்மனி ஒரு மகா கிணற்றைத் திட்டமிட்டது. பத்துக் கிலோமீட்டருக்கும் கீழே போகும் ஆசை. பிளாக் ஃபாரஸ்ட்டா, இந்த இடமா என்று போட்டி வந்தபோது, பிளாக் ஃபாரஸ்ட் அடியில் சூடு அதிகம், இங்கே குளுமை, ஆழமாய்ப் போகலாம் என்று கணக்குப் போட்டு இதைத் தேர்ந்தெடுத்தார்கள். 1987-ல் வெள்ளோட்டக் கிணறு, 1990-ல் பெரியது. 83 மீட்டர் கோபுரம். குளுமை என்று நம்பிய பூமி, இறங்க இறங்கக் கணக்கைவிட வேகமாகக் கொதித்தது. இரண்டு பழைய நிலத்தட்டுகளின் எல்லை மூன்று நான்கு கிலோமீட்டரில் படுக்கையாகக் கிடக்கும் என்று மேலிருந்து அதிர்வலை அனுப்பிப் படம் போட்டிருந்தார்கள். ஆளையே காணோம். பாறைகள் செங்குத்தாக நின்றுகொண்டு முறைத்தன. 1994-ல் 9,101 மீட்டரில், 265 டிகிரி சூட்டில், கும்பிடு போட்டுவிட்டார்கள். செலவு ஐம்பது கோடி மார்க்குக்கும் மேல்.

பணம் வீண் என்று அவசரப்பட வேண்டாம். வறண்டு, இறுகி, செத்துக் கிடக்கும் என்று பாடப்புத்தகம் சொன்ன ஆழத்தில் தண்ணீர் இருந்தது. நான்கு கிலோமீட்டரில் வெடிப்புகள் திறந்து உப்புநீர் கசிந்தது. ஒன்பது கிலோமீட்டரிலும் நீர்மம் நகர்ந்தது. ரஷ்யர்களும் கோலா தீபகற்பத்தில் 12,262 மீட்டர் தோண்டி இதே ஆச்சரியத்தைத்தான் சந்தித்திருந்தார்கள். ஜெர்மானியர்கள் மூடிவிட்டுப் போவதற்கு முன்னால், 1994 டிசம்பரில், அடியில் 200 கன மீட்டர் கனத்த உப்புநீரை ஏற்றினார்கள். கூடத் தண்ணீர் குடித்ததும் பூமி சுமார் நானூறு முறை மெல்ல ஏப்பம் விட்டது, ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர் ஆழத்தில். மேலே ஒருவருக்கும் தெரியவில்லை, கருவிகளுக்கு மட்டும் தெரிந்தது. டென்வரில் ஊரை உலுக்கிக் கற்ற பாடத்தை இங்கே யார் தூக்கமும் கெடாமல் கற்றுக்கொண்டார்கள். பூமியின் மேலோடு எங்கு பார்த்தாலும் வழுக்கி விழ ஒரு சாக்குக்குக் காத்திருக்கிறது, கொஞ்சம் ஈரம் போதும் என்பதுதான் பாடம்.

அப்படியானால் ஏகரில் ஈரம் கொடுப்பது யார்? ராணுவமும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. குமிழிகளைப் பிடித்துச் சோதித்தபோது வாயுவோடு வந்த ஹீலியம் காட்டிக்கொடுத்தது. மேலோட்டுக்கும் கீழே, கவசப் பாறையில் இருக்கும் வகை ஹீலியம் அது. முப்பது கிலோமீட்டருக்கும் கீழிருந்து கரியமில வாயு ஏறி வருகிறது. வழியில் ஆறிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் நோவி கோஸ்தெல் வெடிப்பை நெம்புகிறது. மிச்சம் சேற்றில் குமிழியாகி, எலியைக் கொன்று, சீமாட்டியின் ரத்தக் குழாயை விரிக்கிறது. 2014 மே மாதத் திரள் முடிந்த கையோடு ஹார்டவுஷோவில் வாயு வரத்து பல மடங்கு ஏறியது. கீழே பூட்டு திறந்திருக்கிறது.

கடைசியில், ஸ்டெர்ன்பர்க் கடப்பாரை எடுத்து ஏறக்குறைய நூற்றெண்பது ஆண்டு கழித்து, முறையாகக் கிணறு வெட்டினார்கள். அகங்காரக் கிணறு இல்லை. நூறு மீட்டர், நானூறு மீட்டர் என்று அடக்கமானவை. நோக்கமே வேறு: ஆழம் பார்ப்பது இல்லை, காது வைப்பது. மேலே வைத்த கருவி டிராக்டர், லாரி, மழை, மர வேர் ஆட்டும் காற்று என்று ஊர் வம்பு முழுக்கக் கேட்கும். நானூறு மீட்டர் கீழே அந்த இரைச்சல் கிடையாது. அங்கே வைத்தால் பூஜ்ஜியத்துக்கும் கீழான நடுக்கங்கள் கேட்கும். ஆமாம், நிலநடுக்கத்துக்கும் மைனஸ் மார்க் உண்டு. ஜெர்மன் பக்கம் லாண்ட்வூஸ்ட் முதல் செக் பக்கம் வரை துளைகளில் கருவிகள் இறங்கின. ஹார்டவுஷோவில் மூன்று துளைகள், மூன்று ஆழம்: வாயு எந்த ஆழத்தில் எவ்வளவு அழுத்தத்தில், எதனோடு கலந்து வருகிறது என்று ஓயாமல் அளக்க. 2016-ல் அவற்றில் ஒன்றைத் தோண்டும்போது, 78 மீட்டரைத் தாண்டியதும் வாயுவும் சேறும் பீய்ச்சி அடித்தன. இந்தத் தடவை பூதம் பழமொழிக்குக் கட்டுப்பட்டு, கிணறு வெட்டியபிறகே வந்தது. தோண்டியெடுத்த சேற்றில் அந்த வாயுவிலேயே குடும்பம் நடத்தும் நுண்ணுயிர்களையும் தேடினார்கள். எலி செத்த இடத்தில் யாரோ சௌக்கியமாக இருக்கிறார்களாம்.

இத்தனை ஏற்பாடும் நோவி கோஸ்தெலை நம்பி. ஏனென்றால் 1985-ம் அங்கே, 2000-ம் அங்கே, 2008-ம் அங்கே, 2014-ம் 2018-ம் அங்கேயே. 2024 மார்ச்சில் பூமி மறுபடி ஆரம்பித்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் வடக்கே, ஜெர்மன் பக்கத்து கிளிங்கென்தாலுக்குப் போய் ஆரம்பித்தது. அக்கார்டியன், ஹார்மோனிகா செய்து பேர் வாங்கிய ஊர். அங்கே ஆட்டம் ஆடுவதில் ஆச்சரியமில்லை என்று வேண்டுமானால் சமாதானம் சொல்லலாம். ஆனால் காதுகள் எட்டும் தூரத்தில்தான் இருந்தன. ஆயிரக்கணக்கான நடுக்கங்கள், சுத்தமாகப் பதிவாயின. ஏறக்குறைய நாற்பது ஆண்டாக ஒரே வீட்டுக் கதவைத் தட்டிய பூதம் ஏன் அடுத்த வீட்டுக்குப் போனது என்று இப்போது ஒரு புதிய விவாதம் தொடங்கியிருக்கிறது. கட்சிகள் பிரிவதற்குள் இன்னொரு துளை போட்டுவிடுவது நல்லது.